மெமரி வரம்பியல்: ஒரு முன்னாய்வு

ஒரு விர்ச்சுவல் மெஷினுக்கு 8 ஜிபி என்று எழுதினால் அது அளவா, வாக்கா என்பதே இவ்வாய்வின் வினா. வாக்கே என்பது எம் துணிபு. என்னை? லினக்ஸில் கேவிஎம்மின் மேல் ஓடும் மெஷின், ஹோஸ்ட் கர்னலின் கண்ணுக்கு இன்னொரு சாதாரண ப்ராசஸ். கேட்ட மெமரியைக் கர்னல் உடனே எடுத்துத் தருவதில்லை. ‘தந்தேன்’ என்று சொல்லி வைத்து, தொட்ட பிறகே, வழக்கமாக 4096 பைட் கொண்ட பக்கம் பக்கமாக அளக்கிறது. 16 ஜிபி உள்ள ஹோஸ்ட், மூன்று மெஷின்களுக்கு ஆளுக்கு 8 ஜிபி என்று வாக்குக் கொடுக்கும் துணிச்சல் இங்கிருந்துதான் பிறக்கிறது. ஜிபி என்பது 100 கோடி பைட்டா, 107,37,41,824 பைட்டா என்று வழக்காடுவோரும் உளர். 1998இல் பின்னதற்கு ‘கிபிபைட்’ (GiB) என்று தனிப்பெயரே சூட்டியும் அவ்வழக்கு தீரவில்லை, ஆதலின் மேற்செல்வோம்.

ப்ராசஸ் கூட்டத்தின் மெமரிக்கு வரம்பு கட்டும் கர்னல் ஏற்பாடு சிகுரூப். அதன் இரண்டாம் பதிப்பின்படி வரம்பு நால்வகைப்படும். மின்: தொடாதே. லோ: முடிந்தவரை தொடாதே. ஹை: தாண்டினால் நடை தளரும். மேக்ஸ்: தாண்டினால் தலை போகும். யாரும் எதுவும் எழுதாதபோது மேக்ஸுக்குள் இருக்கும் மதிப்பும் ‘மேக்ஸ்’ என்பதே. வரம்பில்லை என்று பொருள். தன்னையே மேற்கோள் காட்டி வரம்பின்றி வளர்வது ஆய்வுலகத்துக்குப் புதிதன்று.

இனிப் பலூன். தட்டுப்பாடு வந்தால், கெஸ்ட் எனப்படும் விர்ச்சுவல் மெஷினுக்குள் இருக்கும் பலூன் டிரைவரை ஊதச் சொல்கிறது ஹோஸ்ட். டிரைவர் தன் வீட்டாரிடமே மெமரி கேட்டு வாங்கி ஹோஸ்டிடம் ஒப்படைக்கிறது. விஎம்வேர் இஎஸ்எக்ஸ் பற்றிய 2002ஆம் ஆண்டுக் கட்டுரையில் கார்ல் வால்ட்ஸ்பர்கர் விளக்கிய உத்தி இது. அப்பலூனுக்குள் இருப்பது யாது? ஒன்றுமில்லை என்பர் ஒரு சாரார். ஒன்றுமில்லாததை ஊதவியலாது, ஆதலின் உள்ளிருப்பது ‘இன்மை’ என்பர் மற்றொரு சாரார். இருவரையும் மறுத்து, அச்சேறாத நூலொன்றின் கிடைக்காத ஏட்டுக்கு எழுதப்படாத உரையின் ஓரத்தில், பெயர் அறியப்படாத மாணவர் ஒருவர் ‘அது பக்கத்து வீட்டில் இருக்கிறது’ என்று பென்சிலால் குறித்திருக்கிறார். சரியான விடை அதுவே; அவருக்கு இன்னும் பட்டம் கிடைக்கவில்லை.

அஃதேல் ஊதுவானேன், ஹோஸ்டே பிடுங்கி ஸ்வாப்புக்கு அனுப்பலாகாதோ எனின், ஆகாது. எந்தப் பக்கம் வேண்டாதது என்பது கெஸ்டுக்கே தெரியும். ஹோஸ்ட் டிஸ்குக்குத் தள்ளிய பக்கத்தையே கெஸ்டும் தள்ள நினைத்தால், தள்ளுவதற்காகவே அதை முதலில் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஓவர்கமிட் அமைப்பில் 2 என்று எழுதிவிட்டால் கர்னல் கணக்குப் பார்த்துத்தானே தரும் எனின், அதுவும் எம் பக்கமே: வாக்கு இல்லையேல் வாக்குக்குக் கணக்கு எதற்கு?

கொடுத்த வாக்கையெல்லாம் எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டால் மெமரி தீரும்; கர்னலின் ஓஓஎம் கில்லர் எழும். ஒவ்வொரு ப்ராசஸும் பிடித்திருக்கும் பக்கங்களை எண்ணி மதிப்பெண் போட்டு, முதல் மதிப்பெண் பெற்றதைக் கொல்லும். பெரும்பாலும் அது பெரிய மெஷினாகவே இருக்கும். பக்கத்தை எண்ணி மதிப்பெண் போடும் வழக்கம் ஆய்வேடுகளுக்கும் உண்டு. அங்கே பட்டம் கொடுத்து அனுப்புகிறார்கள். கர்னலின் முறையே அறிவுடைத்து என்க.