விமானிக்குப் பெண் கொடுக்கலாமா?

1918 மே 15, வாஷிங்டன். அமெரிக்காவின் விமானத் தபால் சேவையைத் தொடங்கிவைக்க ஜனாதிபதி வுட்ரோ வில்சனே வந்து நிற்கிறார். இன்ஜின் கிளம்ப மாட்டேன் என்கிறது. ஆளாளுக்குக் குடைந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது, டாங்கில் பெட்ரோலே இல்லை. ஊற்றினார்கள். லெப்டினன்ட் ஜார்ஜ் பாயில் கம்பீரமாகக் கிளம்பினார். வடக்கே பிலடெல்பியாவுக்குப் போக வேண்டியவர் தெற்கே போய், மேரிலாந்தின் வால்டார்ஃபில் புரொப்பெல்லரை உடைத்துக்கொண்டு இறங்கினார். இப்பேர்ப்பட்ட திறமைசாலிக்கு இந்த வாய்ப்பு எப்படிக் கிடைத்தது? வருங்கால மாமனார் அரசாங்கத்தில் பெரிய புள்ளி.

சிபாரிசு இல்லாதவர்களுக்கும் வேலை கிடைத்தது. இருந்தவர்கள் அடிக்கடி செத்துக் காலியிடம் உண்டாக்கினார்கள். மூடுபனியானாலும் தபால் கிளம்பியே ஆக வேண்டும் என்பதில் தபால் இலாகாவின் ஓட்டோ பிரேகர் உறுதியாக இருந்தார், தரையில் இருந்தபடி. 1919 ஜூலையில் மூடுபனியில் பறக்க மறுத்த இருவரை அவர் வீட்டுக்கு அனுப்ப, மற்றவர்கள் ஸ்டிரைக் செய்தார்கள். அந்த இருவரில் ஒருவருக்கு மட்டும் வேலை திரும்பக் கிடைத்தது.

சம்பளத்தில் குறையில்லை. அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் மைலுக்கு இத்தனை சென்ட், ராத்திரி என்றால் கூடுதல். கிளார்க் வேலையில் இந்த வரும்படி கிடையாது. மாட்டின் மேல் இறங்கும் அபாயமும் கிடையாது. டீன் ஸ்மித் என்ற விமானி அப்படித்தான் இறங்கினார். மாடு போச்சு, விமானம் போச்சு, நானும் பயந்துபோனேன் என்று தந்தி கொடுத்தார்.

பிறகு பயணிகள் வந்தார்கள், பின்னாலேயே முதலாளிகளும். கார் தொழிலில் பணம் பார்த்த ஈ. எல். கார்ட், 1932ல் தன் செஞ்சுரி ஏர்லைன்ஸ் விமானிகளின் சம்பளத்தில் கத்தரி வைத்தார். நாடே வேலையில்லாமல் நின்ற காலம், எவன் வாய் திறப்பான் என்ற தைரியம். முந்தின வருஷம்தான் டேவிட் பென்கி என்ற விமானி சங்கம் தொடங்கியிருந்தார். ஸ்டிரைக்!

முதலாளிகளுக்கு இன்னொரு வயிற்றெரிச்சலும் இருந்தது. விமானங்கள் வேகமாகிவிட்டன, மைல் கணக்கென்றால் விமானி சீக்கிரமே சம்பாதித்துவிடுகிறான். ஆகவே மணிக்கணக்கில் தருகிறோம் என்றார்கள். வேகமாக ஓட்டுகிறவனுக்குக் குறைவாகத் தரும் அபூர்வ யோசனை. 1934ல் தேசியத் தொழிலாளர் வாரியம் அடிப்படை, மணி, மைல் மூன்றையும் கலந்து கொடுக்கச் சொன்னது. மாதம் 85 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்றும் தீர்ப்பு. பெண்ணைப் பெற்றவர்களுக்குப் பொற்காலம்.

1978ல் விமானக் கம்பெனிகள் மீதிருந்த அரசுக் கட்டுப்பாடுகள் நீங்கின. பல கம்பெனிகள் கட்டண யுத்தத்தில் இறங்கித் திவாலாயின. விமானிகள் வேறு கம்பெனி தேட வேண்டியதாயிற்று. டாக்டர் ஆஸ்பத்திரி மாறினால் அனுபவமும் கூடவே போகும். கம்ப்யூட்டர் பையன் கம்பெனி மாறுவதே சம்பளம் ஏறத்தான். அமெரிக்க விமானி மட்டும் எத்தனை ஆயிரம் மணி நேரம் பறந்திருந்தாலும், புதுக் கம்பெனியில் சீனியாரிட்டி பட்டியலின் கடைசியில் போய் நிற்க வேண்டும்.

2009 ஜனவரியில் ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 பேரையும் காப்பாற்றினார் சல்லி சல்லன்பெர்கர். அடுத்த மாதமே நாடாளுமன்றக் குழு முன்னால் நின்று, தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டதையும் பென்ஷன் போனதையும் சொன்னார். பிள்ளைகள் இத்தொழிலுக்கு வர வேண்டும் என்று விரும்பும் விமானி ஒருவரைக்கூடத் தனக்குத் தெரியாது என்றார்.

கொரோனாவில் மூத்தவர்களை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பிய கம்பெனிகள், கூட்டம் திரும்பியதும் விமானிக்கு அலைந்தன. 2023ல் டெல்டா, நான்கு வருஷத்தில் 34 சதவீத உயர்வுக்குக் கையெழுத்துப் போட்டது. ஆகவே அமெரிக்க விமானி வரன் வந்தால் தாராளமாகப் பேசலாம். சம்பளத்தைக் கேட்காதீர்கள், சீனியாரிட்டி நம்பரைக் கேளுங்கள்.