போன மாசம் வந்திருக்கணும்

கடல் தொட்டிக்காரர் வீட்டுக்கு நீங்கள் என்றைக்குப் போனாலும் அது தப்பான நாள்தான். செருப்பைக் கழற்றிவிட்டு ஹாலுக்குள் கால் வைப்பதற்குள், தொட்டிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டு நிற்பார். "அடடா, போன மாசம் வந்திருக்கணும் நீங்க!"

முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், இது பொதுவாக எழுதுவது. என் சகலையை மனதில் வைத்து எழுதவில்லை. சகலை வீட்டில் இருப்பதும் ஆறடித் தொட்டி, ஆயிரம் லிட்டர், 35 கிலோ உப்பு கரைத்தது என்பதெல்லாம் தற்செயல்.

விரித்த கைக்கு அடியில் குனிந்து பார்த்தால், ஏரிக்கரையில் எருமை மேய்கிற இடம்போல இருக்கும். கல்லெல்லாம் பச்சை முடி. பம்பு தள்ளும் தண்ணீரில் அது பரட்டைத் தலையாக அலையும். நடுவே ஒரு மஞ்சள் மீன், தொலைந்த சாவியைத் தேடுவதுபோல் நுழைந்து நுழைந்து வரும். மூலையில் கோலிக்குண்டு மாதிரி குமிழ்ப்பாசி. ஒவ்வொரு கோலியும் ஒரே ஒரு செல்லாம். மணல்மேல் சிவப்புச் சளி. அது பாசியே இல்லை, பாக்டீரியா என்று திருத்துவார். இருநூறு கோடி வருஷத்துக்கும் முன்னால் பூமிக்கு ஆக்சிஜன் ஊற்றிக் கொடுத்த வம்சம். அதைத்தான் பழைய டூத் பிரஷ்ஷால் பூண்டோடு அழிக்கப் பார்க்கிறார். பவளம் எங்கே என்று கேட்காதீர்கள். கல் பவளம் 2001-லிருந்து வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலிக்குப் பக்கத்தில் இருப்பதால் அதைத் தொடமாட்டார். மென்பவளம் சில உண்டு. பச்சை முடியை வகிடு எடுத்துப் பார்த்தால் தெரியும்.

"இப்ப பாக்காதீங்க, இதைப் பாருங்க" என்று கைபேசியை எடுப்பார். அதில் இருப்பது அதே தொட்டியின் படம். நிஜத் தொட்டி ஒரு முழம் தள்ளி நீல வெளிச்சத்தில் நிற்கும். நாம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளங்கை அகலத்தில் அதையே பார்க்கவேண்டும். பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, ஜாதகத்தோடு அனுப்பிய போட்டோவைக் காட்டுகிற கதை. படத்தில் ஒரு இழை பாசி கிடையாது. ஒருநாள் அவர் காபி வாங்கிவர உள்ளே போனபோது படத்தின் தேதியைப் பார்த்தேன். நவம்பர் 2018. அந்தப் 'போன மாசம்' அதுதான்.

விடுவேனா? ஒரு வருஷம் விடாமல் மாதம் ஒருமுறை போவதென்று முடிவு செய்தேன். பிப்ரவரியில் போனேன்.

"போன மாசம் வந்திருக்கணும் சகலை."

"போன மாசம் வந்தேனே?"

"நீங்க வந்தது மொத வாரம். மூணாவது வாரம் வந்திருக்கணும்."

மார்ச்சில் மூன்றாவது வாரம் போனேன். அன்றைக்குக் காலையில்தான் மீனுக்குத் தீனி கொஞ்சம் கூடிவிட்டதாம். ஏப்ரலில் சாயங்காலம் போய் நின்றேன். "காலையில பாத்திருக்கணும், சூப்பரா இருந்துச்சு" என்றார். அவர் வீட்டம்மா அடுப்படியிலிருந்து, "காலையிலயும் இதேதான்" என்றார்.

ஆள் பார்த்துச் சொல்கிறவரும் இல்லை. சிலிண்டர் போட வந்த பையன், மீட்டர் பார்க்க வந்தவர், திவசத்துக்கு வந்த சாஸ்திரிகள் எல்லோருமே போன மாசம் வந்திருக்கவேண்டியவர்கள். சாஸ்திரிகள் மட்டும், "திதி இந்த மாசம்தானே வர்றது" என்று பதில் சொன்னார்.

மருத்துவமும் இல்லாமலில்லை. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறினால் பாசி. சரி என்று இரண்டையும் வடிகட்டி வடிகட்டிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். அந்தக் காலி இடத்தில் டைனோ என்று பழுப்பாக இன்னொன்று நூல் நூலாக வந்து உட்கார்ந்தது. அதற்கு மூன்று நாள் இருட்டு வைத்தியம். தொட்டிமேல் கறுப்புத் துணியைப் போர்த்தினார். எதிர்வீட்டு மாமி எட்டிப் பார்த்துவிட்டு, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிக்கொண்டு வந்தார். துணியைத் தவிர ஒன்றும் தெரியாத அந்த நிலையிலும் சகலை சொன்னார், "போன வாரம் வந்திருக்கணும் மாமி."

இறகுமாதிரி ஒரு பாசி வந்தபோது, மனிதர்களுக்குப் பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் ஃப்ளூகோனசோல்தான் மருந்து என்று கண்டுபிடித்தார். லிட்டருக்கு 5 மில்லிகிராம், ஆயிரம் லிட்டருக்கு 150 மில்லிகிராம் மாத்திரை 34. மருந்துக்கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்து, "யாருக்கு சார்?" என்றார். "தொட்டிக்கு." டாக்டர் சீட்டு கேட்டார். எந்த டாக்டரிடம் போவது? கூடப் போயிருந்த நான் நடுவில் நழுவி வெளியே வந்து நின்றுகொண்டேன்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்லலாம். ஒன்று மட்டும் முடியவில்லை. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு வெடித்துக் கிடந்தன. என் வீட்டில் லாரிக்குக் குடத்தோடு நின்றோம். சகலை தொட்டியில் ஆவியாகிப் போகும் தண்ணீரை ஈடுகட்ட தினம் பத்து லிட்டர் சுத்தத் தண்ணீர் வேண்டும். அதற்கு ஆர்.ஓ. கழித்துத் தள்ளியது முப்பது லிட்டராவது இருக்கும். அதைப் பிடித்து வைத்திருந்தால் கக்கூஸுக்கு ஊற்றலாம், தரை துடைக்கலாம். பிடிக்கவில்லை. அது பாட்டுக்குச் சாக்கடைக்குப் போனது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னும் மறக்கவில்லை.

கடைசியில் பாசியை ஒழித்தது மாத்திரையும் இல்லை, பிரஷ்ஷும் இல்லை. கொளத்தூர் மீன் சந்தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கிவந்த கடல் முயல். பெயர்தான் முயல், நத்தைக்கு உறவு, பார்வைக்கு ஊறவைத்த புளி உருண்டை. மிரண்டால் ஊதா மை கக்கும் என்று, ஹாலில் யாரும் பலமாகத் தும்மக்கூடாதென்று உத்தரவு. அது குனிந்த தலை நிமிராமல் மேய்ந்தது. சில வாரத்தில் கல் கல்லாகத் தெரிந்தது.

சகலை போன் செய்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, "இன்னிக்கே வாங்க" என்றார். ஓடினேன். கை விரித்து மறிக்கவில்லை. தொட்டி அந்த நவம்பர் படத்திலிருந்து இறங்கி வந்ததுபோல் இருந்தது. மென்பவளங்கள் விரல் விரித்து ஆடின. மஞ்சள் மீனுக்குச் சாவி கிடைத்துவிட்டது.

அவர் முகம்தான் சரியில்லை. முயல் வெறும் கண்ணாடியைத் தடவித் தடவி ஊர்ந்துகொண்டிருந்தது. பாசியைத் தவிர வேறெதையும் தொடாது. இப்படியே விட்டால் பட்டினியில் செத்துப்போகும். ஜப்பான்காரர்கள் சோறு சுருட்டுகிற காய்ந்த கடற்பாசித் தாளை விலை கொடுத்து வாங்கி, கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டிருந்தார். அது பத்தாதென்று மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனார். ஒரு பிளாஸ்டிக் டப். வடிகட்டாத குழாய்த் தண்ணீர், உப்பு, நாலைந்து கல், நல்ல வெயில். பாசி வளர்க்கிறாராம். இரண்டு வாரமாக ஒரு இழைகூடப் பிடிக்கவில்லை.

டப்புக்குள் கையை விட்டுக் கல்லைத் திருப்பிப் பார்த்தபடி சொன்னார்: "போன மாசம் வந்திருக்கணும் சகலை நீங்க. எவ்வளவு பாசி! தலையைத் தூக்காம மேஞ்சுச்சு, பாக்கக் கண் கொள்ளாது."

போன மாசமும் நான் வந்திருந்தேன். சொல்லவில்லை.