மாப்பிள்ளைக்கு அன்றைக்குக் கச்சேரி

தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அதனால் சிலருக்குக் கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வந்தது. கடையநல்லூர்ப் பாட்டுக்காரருக்கு விசிட்டிங் கார்டு வீணாய்ப் போனது. 'நெல்லை மாவட்டப் புகழ்' என்று கட்டுக்கட்டாக அடித்து வைத்திருந்தார். மாவட்டம் சுருங்கியதில் புகழும் சுருங்கிவிட்டதே என்று சாப்பாடு இறங்கவில்லை. அச்சாபீஸ்காரர்தான் வழி சொன்னார்: "'தென்மாவட்டப் புகழ்'னு போட்டிரும் வே. இனி அவங்க எத்தனை கோடு கிழிச்சாலும் உமக்குச் சேதாரம் கிடையாது."

இவர் இன்னார் என்று யாரும் தேட வேண்டாம். புளியங்குடியில் ஒருவர், சுரண்டையில் ஒருவர், செங்கோட்டையில் ஒருவர் என்று ஊருக்கு ஒருவர் இருக்கிறார். சித்திரை வெயிலில் கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு பைக்கில் போகிறவர் அவர்தான். பின் சீட்டில் உறை போட்ட கீபோர்டு, ஒரு குழந்தையைப் போலக் கயிறு கட்டி உட்கார வைக்கப்பட்டிருக்கும். புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். அங்கே போய் எலுமிச்சை ஜூஸ் வேண்டாம், தொண்டை போய்விடும் என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர். குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் ஊரெல்லாம் துண்டோடு அருவிக்கு ஓடும். இவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஆவி பிடிப்பார்.

பெயருக்கு முன்னால் ஊரைச் சேர்ப்பது பாட்டுக்காரர்களின் பழைய வழக்கம். சீர்காழி கோவிந்தராஜன், மதுரை சோமு, நாகூர் ஹனிபா. மூன்றெழுத்து, நான்கெழுத்து ஊர்க்காரர்களுக்கு இது சௌகரியம். கடையநல்லூர் ஏழெழுத்து. போஸ்டரில் ஊரைப் பெரிதாகப் போட்டால் ஆளுக்கு இடம் இருப்பதில்லை. ஓரத்தில் நசுங்கிக் கிடக்கிற பெயரை யார் பார்க்கிறார்கள்? கடையநல்லூரே கிளம்பி வந்து பாடப்போகிறது என்றுதான் வெளியூரில் நினைத்துக்கொள்வார்கள்.

பாட்டு எழுதுவது, மெட்டுப் போடுவது, பாடுவது மூன்றும் அவரே. தேர்தல் வந்தால் கையில் காசு புரளும். ஹனிபா கடைசிவரை ஒரே கட்சிக்குப் பாடினார். நம்மவர் மெட்டுக்குத்தான் விசுவாசமானவர். ஒரே மெட்டில் தலைவர் பெயரை மட்டும் மாற்றி மூன்று கட்சிக்குக் கொடுத்துவிடுவார். ஒருமுறை மூன்று ஆட்டோக்களும் மணிக்கூண்டுப் பக்கம் ஒரே நேரத்தில் வந்து நின்றபோது, ஏதோ கூட்டணி ஆகிவிட்டது என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள்.

ஊர்க்காரர்களுக்கெல்லாம் கல்யாணத்தில் பாடியவருக்குத் தன் கல்யாணம்தான் திகையவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் தகப்பனார் கேட்டார்:

"மாப்ளைக்கு என்ன சோலி?"

"பாட்டு எழுதிப் பாடுதாருங்க," என்றார் தரகர்.

"அது சரி. சோலி?"

"மெட்டும் அவரே போட்டுக்கிடுவாரு."

மூன்று வேலையை ஒரே ஆள் பார்க்கிறார் என்றால் மூன்றிலும் சம்பளம் கிடையாது என்று அவர் கணக்குப் போட்டு முடித்துவிட்டார். தரகர் சுதாரித்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் மாப்பிள்ளைக்கு மொபைல் கடை இருப்பதைச் சொன்ன பிறகுதான் உள்ளேயிருந்து காப்பி வந்தது.

இந்த வட்டாரத்துக்குப் பாட்டுக்காரன் புதிதா என்ன? சங்கரன்கோவில் பக்கத்துச் சென்னிகுளத்து அண்ணாமலை ரெட்டியார் காவடிச் சிந்து பாடியவர். ஊற்றுமலை ஜமீன் இருதயாலய மருதப்பத் தேவர் ஆதரித்தார். ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடி எடுத்து நடக்கையில் வழிநடைக்குப் பிறந்த பாட்டு என்பார்கள். ரெட்டியார் 1891-இல் முப்பது வயதுக்குள்ளேயே போய்விட்டார்; பாட்டு இன்னும் காவடி தூக்கிக்கொண்டு நடக்கிறது. நம் பாட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமூச்சு விடுவார். பெருமூச்சு கவிதைக்காக அல்ல. ஜமீன்தாருக்குக் கமிட்டி கிடையாது, பொருளாளர் கிடையாது, 'மீதியை அடுத்த கொடைக்குப் பாத்துக்கிடலாம் தம்பி' கிடையாது.

அவர் மனசுக்குள் இருந்த திட்டம் வேறு. பாடுகிற பெண்ணாகப் பார்த்துக் கட்டிக்கொண்டால் குழுவுக்கு ஒரு சம்பளம் மிச்சம். முன்னுதாரணங்களை விரல் மடக்கிச் சொல்வார்: புஷ்பவனம் குப்புசாமியும் அனிதாவும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசை படிக்கப் போன இடத்தில் சந்தித்தவர்கள். செந்தில் கணேஷ் 2018-இல் சூப்பர் சிங்கர் ஜெயித்தபோது ராஜலட்சுமியும் அதே மேடையில் பாடிக்கொண்டிருந்தார். நம்ம பக்கத்து வில்லுப்பாட்டு மேதை சுப்பு ஆறுமுகம் குழுவில் மகள் பாரதி திருமகன், மருமகன், பேரன் எல்லாரும் ஒரே வில்லுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். அவருக்கு 2021-இல் பத்மஸ்ரீயும் வந்தது. "எம்மா, கல்யாணம்னா குழுவுக்கு ஆள் சேக்குததுதான்," என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தார். "எய்யா, ராத்திரி ரெண்டு மணிக்கு நீ வந்தா கதவைத் தொறந்துவிட வீட்ல ஒரு ஆள் வேணும்லா," என்று அம்மா முடித்துவிட்டாள். டீச்சர் டிரெயினிங் முடித்த, பாட்டுப் பக்கமே போகாத பெண் அமைந்தது. கணக்கில் புலி.

பெண் திகைந்தது, நாள் திகையவில்லை. மற்றவர்களுக்கு ஆடி, புரட்டாசி, மார்கழி தள்ளினால் பாக்கி மாதங்களில் முகூர்த்தம் பார்க்கலாம். இவருக்கு ஆடியில் அம்மன் கொடைகளும் சங்கரன்கோவில் தபசும். புரட்டாசியில் குலசை தசரா செட்டுகள். மார்கழியில் கிருஷ்ணாபுரம் ஆஞ்சநேயர் ஜயந்தி. கார்த்திகை பிறப்பதற்குள் ஐயப்பன் ஆல்பம் வந்தாக வேண்டும், ஆக ஐப்பசி ஸ்டுடியோவுக்குப் போய்விட்டது. பங்குனி உத்திரத்தன்று ஊரே அவரவர் சாஸ்தாவைத் தேடிக் கிளம்பிவிடும். கல்யாணம் வைத்தால் தாலி எடுத்துக் கொடுக்கக்கூட ஆள் இருக்காது. பெருநாள் கழிந்ததும் துபாயிலிருந்தும் குவைத்திலிருந்தும் வந்த பையன்களுக்கு அடுத்தடுத்து நிக்காஹ், ஹனிபா பாட்டுக்கு இவர் வேண்டும். மிச்சமுள்ள நல்ல நாளிலெல்லாம் யாருக்காவது வரவேற்பு. நல்ல முகூர்த்தம் என்றால் அன்றைக்கு இவருக்குக் கச்சேரி. கச்சேரி இல்லையென்றால் அது முகூர்த்தமே இல்லாத நாள்.

ஜோசியர் பஞ்சாங்கத்தையும் கச்சேரி டைரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஜாதகம் சுத்தமா இருக்கு. டைரியிலதான் தோஷம்."

அவருடைய கொடைக் கச்சேரியை ஒருதரம் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முதலில் பிள்ளையார், பிறகு அம்மன், பிறகு எம்.ஜி.ஆர்., பிறகு சிவாஜி. இந்த வரிசையை மாற்றினால் கமிட்டிக்குள் வெட்டுக்குத்து ஆகிவிடும். அப்புறம் இளையராஜா. கொடை வரி ரசீதின் பின்பக்கத்தில் எழுதிய சீட்டுகள் கை மாறி மாறி மேடைக்கு வரும். 'தெற்குத் தெரு இளைஞர்கள் சார்பாக' என்று ஒரு சீட்டு வந்தால், வடக்குத் தெருவிலிருந்து அதே பாட்டுக்கு நூறு ரூபாய் கூடுதலாக வைத்து இன்னொன்று வரும். அவர் அதே பாட்டை இரண்டு தரம் பாடுவார், இரண்டாம் தரம் நூறு ரூபாய்க்கான உருக்கத்தோடு.

இடையில் பொருளாளர் மேடையேறி வந்து காதைக் கடித்தார்: "தம்பி, ராஜா பாட்டைப் பாடினா நோட்டீஸ் வருமாமே?" 2017-இல் எஸ்.பி.பி.க்கும் சித்ராவுக்கும் இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போன சேதி ஊர் சுற்றி, உருமாறி, இங்கே வந்து சேர்ந்திருந்தது. நம்மவருக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? மைக்கைப் பிடித்தார். "அன்பார்ந்த பெரியோர்களே, அடுத்து என் சொந்தப் படைப்பு. இதற்கு யாரிடமிருந்தும் நோட்டீஸ் வராது."

பாதிக் கூட்டம் எழுந்து சுக்குக்காப்பிக்குப் போனது. அந்தப் பாட்டுக்கு இந்த வட்டாரத்தில் உண்மையான ரசிகர் சுக்குக்காப்பிக்காரர்தான். "தம்பி, ஒங்க பாட்டு எத்தனை மணிக்கு?" என்று முன்கூட்டியே கேட்டு அடுப்பை ஏற்றுவார்.

நல்ல பாட்டு அது. இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. பல்லவி சுமார். முதல் சரணம் பரவாயில்லை. இரண்டாவது சரணத்தில்தான் ஆள் எழுந்து நிற்கிறார். கருப்பாநதி அணையில் தண்ணீர் இல்லாத ஒரு வருஷத்தையும், மணியார்டர் வராத ஒரு வீட்டையும் ஒரே வரியில் வைத்திருக்கிறார். எனக்கு வாசித்துக் காட்டினார், அதனால் தெரியும். மேடையில் யாரும் கேட்டதில்லை. 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. ரசிகர் சீட்டெல்லாம் தீர்ந்து இவர் பாட்டுக்கு முறை வரும்போது மணி ஒன்பது ஐம்பத்தைந்து ஆகியிருக்கும். முதல் சரணம் முடிந்து கீபோர்டு இழுக்கிற இடத்தில் போலீஸ்காரர் பந்தல் காலில் லத்தியால் ஒரு தட்டுத் தட்டுவார். சரியாகத் தாளத்தில் விழும்.

கச்சேரி முடிந்தால் பிரானூர் பார்டருக்குப் போய் புரோட்டா. அங்கே கணக்குப் பார்த்துப் பிரித்தால் தபேலாக்காரருக்கு இவ்வளவு, பேடு வாசித்தவருக்கு இவ்வளவு, வேனுக்கு டீசல், தலைவருக்குப் பொன்னாடை.

ஸ்டுடியோவிலும் அந்தச் சரணம் தப்பவில்லை. ஸ்டுடியோ சங்கரன்கோவிலில், மாடியறை. சுவரெல்லாம் முட்டை அட்டையும் பழைய மெத்தையும். கீழே விசைத்தறி. தறி ஓடினால் பாட்டுக்குள் தடக்கு தடக்கு என்று சத்தம் புகுந்துவிடும். கரண்ட் போனால் தறி நிற்கும். கூடவே கம்ப்யூட்டரும் நிற்கும். கடைசியில் ஒரு உபாயம் கண்டுபிடித்தார்கள். கரண்ட் போகும்வரை காத்திருப்பது, போனவுடன் இன்வெர்ட்டரில் பதிவைத் தொடங்குவது. தமிழ்நாட்டில் மின்வெட்டுக்காக வேண்டிக்கொண்ட கலைஞர் இவர் ஒருவராகத்தான் இருக்கும். இன்வெர்ட்டர் பாட்டரி கிழடு. முதல் சரணம் வரை தாங்கியது. அவ்வளவையே பாட்டாக வைத்து முடித்துவிட்டார்கள்.

கல்யாணச் செலவு கழுத்தைப் பிடித்தபோது அதை ஒரு ஆடியோ கம்பெனிக்குக் கொடுத்தார். ஒப்பந்தம் இங்கிலீஷில் ஏழெட்டுப் பக்கம் இருந்தது; கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலில் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில்தான் மண்டபத்துக்கு அட்வான்ஸ் போனது.

ஆவணியில் ஒரு முகூர்த்தம் எப்படியோ தப்பிப் பிழைத்துக் கிடைத்தது. அன்று காலை மண்டபத்தில் மைக் ஊளையிட்டது. மணவறையிலிருந்து மாப்பிள்ளையைக் காணவில்லை என்று சலசலப்பு. மாலையும் கழுத்துமாக ஆம்ப்ளிஃபயர் பக்கம் குனிந்து "ஹலோ, செக், செக்" சொல்லிக்கொண்டிருந்தார். மாமனார் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தார். கெட்டிமேளம் முழங்க, தாலியைக் கையில் வைத்துக்கொண்டே தவில்காரரைப் பார்த்து, "கொஞ்சம் நிதானமாப் போவும்," என்று கண்ணைக் காட்டினாராம். மூன்றாவது முடிச்சைப் போட்ட நாத்தனாருக்குத்தான் தெரியும்.

சாயங்கால வரவேற்புக்கு வட்டாரப் பாட்டுக்காரர்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். எல்லாரும் பாடுகிறவர்கள், ஆகவே எல்லாரும் மேடையில். கீழே கேட்பதற்கு மிஞ்சியவர்கள் மொய் எழுதுகிறவரும் பந்திக்கு இடம் கிடைக்காதவர்களும். இளையராஜா பாட்டு தாராளமாக ஓடியது, யாரும் பயப்படவில்லை. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டமே கல்யாண ஊர்வலத்தையும் அதையொட்டிய கொண்டாட்டங்களையும் விட்டுவைத்திருக்கிறது. கடைசியில் மாப்பிள்ளையைப் பாடச் சொன்னார்கள். மணி எட்டுகூட ஆகவில்லை, கரண்டும் இருந்தது. பல்லவி, முதல் சரணம், இரண்டாவது சரணம் என்று முழுப் பாட்டையும் பாடினார்.

மச்சினன் அதை வீடியோ எடுத்து யூட்யூபில் ஏற்றினான். மறுவீடு முடிந்து வருவதற்குள் சேதி வந்துவிட்டது: இந்தப் பாட்டு வேறொருவருக்குச் சொந்தமானது. சட்டத்தின் சலுகை மண்டப வாசலோடு சரி. அந்த ஏழெட்டுப் பக்கம் இங்கிலீஷ் யூட்யூப் வரை வந்திருந்தது. தன் கல்யாணத்தில் தன் பாட்டைத் தானே பாடியதற்கு நம்மவருக்கு நோட்டீஸ்.

அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். புதுப்பெண்தான் போனை வாங்கி, பரீட்சைப் பேப்பர் திருத்துவதுபோல ஒவ்வொரு வரியாக வாசித்தாள்.

"ஏங்க, பாட்டோட தொடக்கத்துல இருந்து மூணு நிமிசம் வரைக்கும்தான் அவங்களுதுன்னு போட்டிருக்கு. அதுக்கு அப்புறம் நீங்க பாடினது அவங்ககிட்ட இல்லவே இல்ல."

"அது ரெண்டாவது சரணம்லா. பதிவாகவே இல்லியே."

"அப்போ அது உங்களுதுதான்."

இப்போது மேடையில் அவர் இரண்டாவது சரணத்திலிருந்துதான் தொடங்குகிறார். பல்லவிக்கு வருவதற்குள் பத்து மணி ஆகிவிடுகிறது.