ஒத்தாசைக் கணவர்

நகரத்து நடுத்தரக் குடும்பங்களில் காணப்படும் மனித வகைகளுள் ஒத்தாசைக் கணவர் தனித்துக் குறிப்பிடத்தக்கவர். வீட்டு வேலை மனைவியுடையது என்பதில் ஐயமில்லாமலும், அதில் அவ்வப்போது கைகொடுப்பது தம் பெருந்தன்மை என்பதில் அதைவிட ஐயமில்லாமலும் வாழும் ஆடவரை இப்பெயர் குறிக்கும். அடுப்படிப் பக்கம் தலைவைத்தும் படுக்காத தம் தந்தையை அளவுகோலாகக் கொள்வதால், அரைமூடித் தேங்காயைத் துருவிக் கொடுத்த மாத்திரத்திலேயே அவர் தம்மைச் சீர்திருத்தவாதியாகக் கருதத் தொடங்கிவிடுகிறார்.

இவ்வகையினர் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் தென்படுவர். "இன்னிக்கு நீ ரெஸ்ட் எடு, சமையல் என் பொறுப்பு" என்னும் அறிவிப்போடு தொடங்கும் அந்த வேள்வியில், சாம்பார்ப் பொடி எந்த டப்பாவில் இருக்கிறது, புளி எவ்வளவு ஊறவேண்டும், பருப்புக்கு எத்தனை விசில் என்று அடுத்தடுத்து எழும் ஐயங்களைத் தீர்ப்பதற்காக, ஓய்வெடுக்கப் பணிக்கப்பட்ட மனைவி அடுப்படி வாசலிலேயே நிற்க நேரிடும். சாம்பார் இறங்கியதும் அதன் படம் உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்ச்சேர, அடிப்பிடித்த குக்கரும் மஞ்சள் தெறித்த மேடையும் மனைவியிடம் போய்ச்சேரும். "கொடுத்து வச்சவடி நீ" என்னும் அத்தைமாரின் வாழ்த்து அவளுக்குத்தான் வருமேயன்றி, ஆண்டு முழுவதும் அவள் கையால் உண்ணும் அவரை எவரும் கொடுத்து வைத்தவர் என்று சொல்வதில்லை.

ஆயினும் அவரை மட்டும் குறைசொல்வது ஆராய்ச்சிக்கு அழகன்று. மொட்டைமாடிக் கொடியில் சேலை உலர்த்தும்போது எதிர்வீட்டுக்காரர் கண்ணில் பட்டுவிட்டால், "அவளுக்கு உடம்பு சரியில்லை சார்" என்று யாரும் கேளாமலேயே அவர் விளக்கம் தருவதற்குக் காரணம், ஆணுக்கு இன்ன வேலை, பெண்ணுக்கு இன்ன வேலை என்று ஊர் வகுத்து வைத்திருக்கும் பட்டியலே. அப்பட்டியலின் தர்க்கம் விந்தையானது: கல்யாண வீட்டில் கூலி பெற்று ஆயிரம் பேருக்குச் சமைப்பவர் ஆணாக இருப்பதில் எவருக்கும் வியப்பில்லை, வீட்டில் கூலியின்றி நான்கு பேருக்குச் சமைக்கும்போதுதான் கரண்டி பெண்பாலாகிறது.

இந்த ஒத்தாசையின் அளவை எண்களிலும் காணலாம். நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்பது, மக்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எவ்வெவற்றில் செலவிடுகின்றனர் என்பதை அரைமணி அரைமணியாகப் பதிவுசெய்யும் இந்திய அரசின் ஆய்வாகும். அதன்படி, ஊதியமில்லா வீட்டுப் பணிகளில் ஈடுபடுவோருள் பெண்கள் 2019ஆம் ஆண்டில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். 2024இல் அவை முறையே 289, 88 என்றாயின. ஆண்களின் உழைப்பும் 9 நிமிடம் குறைந்திருந்தபோதிலும், இரு பாலாருக்கும் இடையிலான தொலைவு 202 நிமிடத்திலிருந்து 201 ஆகச் சுருங்கியிருக்கிறது என்பதால், ஐந்தாண்டுகளில் கிட்டிய அந்த ஒரு நிமிட சமத்துவம் தம் ஞாயிற்றுக்கிழமைச் சாம்பாரால் வந்ததே என்று ஒத்தாசைக் கணவர் உரிமை கோருவாராயின், அதை மறுக்கும் வேலையும் மனைவியின் கணக்கில்தான் ஏறும்.