போர்பன் ரசிகர்: தோற்றமும் வளர்ச்சியும்

போர்பன் என்னும் விஸ்கி வகையின் ரசிகர், அமெரிக்காவில் பரவலாகக் காணப்படும் ஒரு வகை மனிதர். முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர், பெரும்பாலும் ஆண், சம்பளம் ஒழுங்காக வருபவர். குடிகாரர் அல்லர். அப்படி யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற கவலையில்தான் அவருடைய கல்வியே தொடங்குகிறது. குடிகாரர் குடித்த பிறகு பேசுவார். ரசிகர் பேசி முடித்த பிறகுதான் குடிப்பார். பல இரவுகளில் பேச்சு முடிவதே இல்லை.

பிறவியிலேயே யாரும் ரசிகராக இருப்பதில்லை. கல்லூரி நாள்களில் எந்த விஸ்கியானாலும் டம்ளர் நிறைய ஐஸ் போட்டு, கோக் ஊற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கியவர்தான் இவரும். திருப்பம் பெரும்பாலும் மேலதிகாரி வீட்டு விருந்தில் நிகழ்கிறது. யாரோ ஒருவர் இரண்டு விரற்கடை ஊற்றிக் கொடுக்க, இவர் கோக் கேட்க, பூஜை அறைக்குள் செருப்போடு நுழைந்தவரைப் பாட்டி பார்ப்பதுபோல ஒரு பார்வை விழுகிறது. அன்றோடு கோக் நிற்கிறது. தமிழ்நாட்டில் ‘ராவா அடிக்கிற ஆளு’ என்று சொல்லி நாலு பேர் ஒதுங்கிப் போகும் அதே செயல், அங்கே ‘நீட்’ என்ற பெயரில் பண்பாட்டின் முதற்படி ஆகிவிடுகிறது.

அடுத்தது சட்டப் படிப்பு. போர்பன் அமெரிக்காவுக்கே உரிய தனிப்பொருள் என்று அந்நாட்டுக் காங்கிரஸ் 1964-இல் தீர்மானம் போட்டது. ஊறலில் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளம் இருக்க வேண்டும். வடிக்கும்போது 80 விழுக்காட்டு ஆல்கஹால் செறிவைத் தாண்டக் கூடாது. உட்புறம் கரியாகக் கருக்கிய புத்தம் புது ஓக் கலத்தில் 62.5 விழுக்காட்டுக்கு மேற்படாமல் ஊற்றி வைக்க வேண்டும். பாட்டிலில் அடைக்கும்போது 40-க்குக் குறையக் கூடாது. நிறமோ மணமோ வெளியிலிருந்து சேர்க்கவே கூடாது. இவற்றைத் திருக்குறள் ஒப்பிக்கும் பையனைப்போல ஒரே மூச்சில் சொல்லும் திறமை ஆறு மாதத்தில் வந்துவிடுகிறது. (தமிழ் நாளிதழ்களில் போலீஸ் அழித்ததாக மட்டுமே செய்தியில் வரும் ‘ஊறல்’, இங்கே விருந்து மேசையில் விகிதாச்சாரத்தோடு விவாதிக்கப்படுகிறது.)

இந்தப் பருவத்தில் ரசிகர் சில பொறிகளை வைத்துவிட்டுக் காத்திருப்பார். கென்டக்கியில் செய்தால்தானே போர்பன் என்று யாராவது வாய் திறந்தால் போதும். அமெரிக்காவில் எங்கு செய்தாலும் போர்பன்தான் என்ற விடை ஏற்கெனவே நாக்கு நுனியில் இருக்கும். ஜாக் டேனியல்ஸைப் போர்பன் என்பவருக்கு இன்னும் நீண்ட வகுப்பு. அது மேப்பிள் மரக்கரி வழியே சொட்டுச் சொட்டாக வடிகட்டப்படுவது, தன்னை டென்னசி விஸ்கி என்றே அழைத்துக்கொள்வது, அது பிறக்கும் மூர் மாவட்டம் மதுக் கட்டுப்பாடு உள்ள ‘வறண்ட’ மாவட்டமாக இருப்பது என்று படிப்படியாகப் போகும். 1897-ஆம் ஆண்டின் சட்டம் தனிப் பாடம். புகையிலைச் சாறும் அயோடினும் கலந்து நிறமேற்றி விஸ்கி என்று விற்ற காலம் அது. ஒரே ஆலையில், ஒரே பருவத்தில் வடித்து, அரசின் கண்காணிப்பில் குறைந்தது நான்கு ஆண்டுகள் வைத்து, 50 விழுக்காட்டுச் செறிவில் அடைத்த சரக்குக்கு மட்டும் ஒரு முத்திரை கொடுக்க அந்தச் சட்டம் வழிசெய்தது. உண்மையிலேயே சுவையான வரலாறு. என்ன, கேட்பவர் கையில் இருக்கும் கிண்ணம் அதற்குள் காலியாகிவிடும். நிரப்ப வேண்டியவர் பேசிக்கொண்டிருப்பார்.

சட்டம் முடிந்ததும் கருவிகள். ஸ்காட்லாந்தில் 2001-இல் சந்தைக்கு வந்த க்ளென்கேர்ன் கிண்ணம் முதலில் வாங்கப்படும். அடியில் பருத்து மேலே குறுகும் அதன் வடிவம் மணத்தைக் குவித்து மூக்குக்கு அனுப்புகிறது. வாயைச் சற்றுத் திறந்தபடி முகர வேண்டும் என்பது விதி; மூக்கை அப்படியே உள்ளே நுழைத்தால் சாராய நெடி மண்டைக்கு ஏறும். பிறகு ஒரு மிடறு எடுத்து, விழுங்காமல், வாய்க்குள் புரட்டிப் புரட்டி மெல்ல வேண்டும். ஜிம் பீமின் பேரன் புக்கர் நோ பிரபலப்படுத்திய இந்த முறைக்குக் கென்டக்கி மெல்லல் என்றே பெயர். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு, வெற்றிலைப் பெட்டியைத் தொலைத்த பெரியவர் வெறும் வாயை மெல்வதுபோல் தெரியும். விழுங்கிய பின் நெஞ்சுக்குள் பரவும் சூட்டுக்குக் கென்டக்கி அணைப்பு என்று பெயர். அதை நெஞ்செரிச்சல் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது.

தண்ணீர் விஷயத்தில் அறிவியல் ரசிகருக்கு ஓர் உதவி செய்தது. விஸ்கியில் தண்ணீர் சேர்ப்பது ஆண்மைக்கு இழுக்கு என்று கருதிக்கொண்டிருந்தவர்கள் பலர். 2017-இல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் கணினி மாதிரிகளைக் கொண்டு ஒன்றைக் காட்டினார்கள். குவாயகால் என்ற மணப்பொருள், செறிவு குறையும்போது திரவத்தின் மேற்பரப்புக்கு அருகே வந்து சேர்கிறது. அதிலிருந்து ரசிகர் தண்ணீர் சேர்க்கிறார். ஆனால் டம்ளரால் அல்ல. காதுக்கு மருந்து விடும் சொட்டுக் குழாயால், எண்ணி மூன்று சொட்டு.

இனி சொல்வளம். இந்த வகையினரின் உயிர்நாடி இதுதான். வனிலா, கருக்கிய சர்க்கரை, செர்ரி, தோல் நாற்காலி, பழைய நூலகம், மழைக்குப் பிந்தைய புகையிலைக் கொட்டகை என்று ஒவ்வொரு மிடறுக்கும் ஒரு பட்டியல் வரும். எல்லாமே புளுகு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. வடித்து இறக்கும்போது சரக்கு பச்சைத் தண்ணீர்போல்தான் இருக்கும். நிறம் முழுவதும், மணத்தில் பெரும்பகுதியும் பீப்பாய் கொடுப்பவை. ஓக் மரத்தைக் கருக்கும்போது அதன் லிக்னின் சிதைந்து வனிலின் உண்டாகிறது. வனிலா மணம் கற்பனை அல்ல, அதே மூலக்கூறு. மரத்தின் சர்க்கரைகள் கருகிப் பாகு மணம் தருகின்றன. ஓக் லாக்டோன் என்னும் பொருள் தேங்காய் மணக்கும். கொப்பரை உடைத்துப் பழகிய மூக்குக்கு இதைக் கண்டுபிடிக்க வகுப்பே வேண்டாம்.

சிக்கல், சொற்கள் யாருடையவை என்பதில்தான். நியூ ஜெர்சியிலோ டெக்சஸிலோ வாழும் தமிழ் ரசிகர், செர்ரி மரத்தை வாழ்நாளில் ஏறிட்டுப் பார்த்திராதவர், “செர்ரி முன்னாடி வருது, லெதர் பின்னாடி வருது” என்பார். கிண்ணத்தை வாங்கி ஒரு தரம் முகர்ந்த மனைவி, “பல்வலிக்குப் பஞ்சுல தொட்டு வைப்போமே, அந்த கிராம்புத் தைல வாடைல்ல அடிக்குது” என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பார். ரசிகர் புன்னகைப்பார், பாமரரை மன்னிக்கும் புன்னகை. ஓக் மரத்திலிருந்து விஸ்கிக்குள் இறங்கும் மணப்பொருள்களில் யூஜினாலும் ஒன்று. கிராம்புத் தைலத்தின் முதன்மைப் பொருளும் அதுவே. அந்த வீட்டில் அன்று உண்மையில் விஸ்கியைச் சுவைத்தறிந்தவர் ஒருவர்தான். அவர் ஒரு சொட்டும் குடிக்கவில்லை.

சொல் சேர்ந்ததும் வேட்டை தொடங்குகிறது. போர்பன் பிரியர் என்ற நிலையிலிருந்து போர்பன் வேட்டைக்காரர் என்ற நிலைக்கு உயரும் கட்டம் இது. பணமும் ஞாயிற்றுக்கிழமைகளும் கரைவது இங்கேதான். கென்டக்கியில் மக்கள்தொகையைவிடப் பீப்பாய்களின் தொகை அதிகம். ஆனாலும் வேட்டைக்காரர் தேடும் நான்கைந்து பெயர்கள் மட்டும் எந்தக் கடையிலும் இருக்காது. உச்சியில் இருப்பது பாப்பி வான் விங்கிள். ரை தானியத்துக்குப் பதில் கோதுமை சேர்த்த வகை. ஃபிராங்க்ஃபர்ட் நகரின் பஃபலோ டிரேஸ் ஆலையில் உருவாவது. ஆலை சொல்லும் விலை சில நூறு டாலர், வெளியே கைமாறும் விலை சில ஆயிரம். 2013-இல் அந்த ஆலையிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட பாட்டில்கள் காணாமற்போயின. செய்தியைப் படித்த வேட்டைக்காரர்கள் திருட்டைக் கண்டித்தார்கள். எப்படி எடுத்தார்கள் என்பதை மட்டும் இரண்டு முறை படித்தார்கள்.

பிளாண்டன்ஸ் இன்னொரு வகைச் சோதனை. 1984-இல் வந்த இந்தச் சரக்கின் மூடியில் குதிரையும் அதன் மேல் ஒரு வீரனும் சிலையாக இருப்பார்கள். குதிரை நிற்பதிலிருந்து பந்தயத்தில் வெல்வது வரை எட்டு வகை மூடிகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆங்கில எழுத்து. எட்டும் சேர்ந்தால் சரக்கின் பெயர். அதில் ‘என்’ என்ற எழுத்து இரண்டு முறை வரும் என்பது ஒரு நுணுக்கம். தீப்பெட்டிப் படம் சேர்த்த வயதில் விட்ட இடத்திலிருந்து ஒரு நடுவயது மனிதர் மீண்டும் தொடங்குகிறார். சரக்கு வண்டி எந்தக் கிழமை வருகிறது என்று தெரிந்துகொள்ள, பிடிக்காத ஒயினையெல்லாம் வாங்கிக் கடைக்காரரைக் குளிர்விக்கிறார். கடைக்காரரின் மகள் பெயரும் படிக்கும் வகுப்பும் அவருக்குத் தெரியும்.

அரசே மது விற்பது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய அதிசயம் அல்ல. அமெரிக்காவில் 17 மாநிலங்களில் மது வணிகம் ஏதோ ஒரு வகையில் அரசின் கையில் இருக்கிறது. வர்ஜீனியாவிலும் பென்சில்வேனியாவிலும் அரிய போர்பனை வாங்கும் உரிமைக்கு அரசே குலுக்கல் நடத்துகிறது. டாஸ்மாக் வாசலில் வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டு ஊரைவிட்டுப் போன பொறியாளர், ரிச்மண்டில் அரசாங்கக் கடையின் குலுக்கலில் பெயர் கொடுத்துவிட்டுக் குலதெய்வத்தை வேண்டிக்கொள்கிறார். பரிசு விழுந்தாலும் பாட்டில் இலவசம் இல்லை. விலை கொடுத்து வாங்கும் அனுமதிதான் பரிசு.

தேறிய வேட்டைக்காரர் முன்பக்க லேபிளை நம்புவதில்லை. அதில் தாத்தா, மீசை, ரகசியக் குறிப்பு, மலையோரத்து நீரூற்று எல்லாம் இருக்கும். புடவைக் கடையில் முந்தானையைத் திருப்பிப் பார்ப்பதுபோல பாட்டிலைத் திருப்பி, பொடி எழுத்தில் ‘இந்தியானாவில் வடிக்கப்பட்டது’ என்ற வரி இருக்கிறதா என்று தேடுவார். அந்த மாநிலத்தின் லாரன்ஸ்பர்க் நகரில் இருக்கும் ஒரு பெரிய ஆலை ஏராளமான நிறுவனங்களுக்குச் சரக்கு வடித்துக் கொடுக்கிறது. லேபிள் தாத்தாக்களில் பலர் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை.

இவ்வளவு கூர்மையான கூட்டத்தின் பொதுக்கோபம் எப்படியிருக்கும் என்பதற்கு 2013 பிப்ரவரி சான்று. கையிருப்பு போதவில்லை என்று மேக்கர்ஸ் மார்க் நிறுவனம் தன் சரக்கின் செறிவை 45 விழுக்காட்டிலிருந்து 42-ஆகக் குறைக்கப்போவதாக அறிவித்தது. சுவை மாறாது என்றும் சொன்னது. புதிய பாட்டில் பெரும்பாலோர் கைக்கு வருமுன்பே சுவை கெட்டுவிட்டது என்று கொந்தளித்துவிட்டார்கள். அதே மாதம் நிறுவனம் பின்வாங்கியது.

ஸ்காட்ச் ரசிகரைப் பற்றியும் ஒரு சொல். போர்பனை இனிப்புத் தண்ணீர் என்று இகழும் உறவினர் இவர். சட்டப்படி போர்பனுக்குப் புதுப் பீப்பாய்தான் வேண்டும் என்பதால், பயன்படுத்திய பீப்பாய்கள் கப்பலேறி ஸ்காட்லாந்து போகின்றன. ஸ்காட்சின் பெரும்பகுதி அவற்றில்தான் முதிர்கிறது. மூத்தவரின் சட்டையைப் போட்டுக்கொண்டு மூத்தவரைக் கேலி செய்யும் தம்பி என்று போர்பன் தரப்பு இதற்குப் பதில் சொல்லும். விஸ்கியை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ஈ’ சேர்ப்பதா கூடாதா என்றும் இருவருக்கும் தீராத வழக்கு உண்டு. தமிழில் எழுதுபவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

முதிர்ந்த ரசிகரின் வீட்டில் ஓர் அலமாரி இருக்கும். ஒவ்வொரு சரக்கிலும் மூன்று பாட்டில் வாங்க வேண்டும் என்பது ரசிகர் கூட்டத்தின் நெறி: குடிக்க ஒன்று, வைக்க ஒன்று, மாற்றிக்கொள்ள ஒன்று. நாளடைவில் குடிக்க வைத்ததும் வைக்கும் கணக்கில் சேர்ந்துவிடும். பாட்டிலுக்குள் போன விஸ்கி அதற்கு மேல் முதிர்வதில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்; அதைப் பற்றி அரை மணி நேரம் பேசவும் செய்வார். திறக்க மட்டும் மனம் வராது.

திறந்த அரிய நாள்களில் ஒன்று, திருச்சியிலிருந்து மாமனார் வந்து இறங்கிய நாளாக இருக்கும். பதினைந்து ஆண்டுச் சரக்கு, துலிப் வடிவக் கிண்ணம், மூன்று சொட்டுத் தண்ணீர். மாமனார் ஒரு வாய் குடித்து முகம் சுளித்து, “நல்லாத்தான் இருக்கு மாப்ள. தொண்டைய எரிக்குது, கொஞ்சம் கோக் இருந்தா ஊத்துங்க. ஊறுகா இல்லியா?” என்பார். மருமகன் முன்னொரு நாள் தான் வாங்கிய அதே பார்வையைத் திருப்பிக் கொடுக்க இயலாது. கொடுத்தால் ஊர் வரைக்கும் போகும். கோக் வரும்.

கடைசிக் கட்டம் மறைசுவைப்பு. நண்பர்கள் பாட்டில்களைக் காகிதப் பையில் மறைத்து, எண் போட்டு, சுவைத்து வரிசைப்படுத்தும் சடங்கு. பை நீங்கும்போது ரசிகர் முதலிடம் கொடுத்தது, பல்பொருள் அங்காடியின் கீழ்த்தட்டில் எப்போதும் கிடைக்கும் சாதாரணச் சரக்காக இருப்பது இந்தத் துறையில் வழக்கமான நிகழ்ச்சி. சாப்பாட்டில் காரம் அதிகம், நாக்கு களைத்துவிட்டது, அந்தப் பாட்டில் திறந்து நாளாகிவிட்டது என்று மூன்று விளக்கங்கள் தயாராக இருக்கும். எனக்குப் பிடித்தது இதுதான் என்று அவருடைய நாக்கு முதன்முறையாகச் சொந்தமாகச் சொன்ன சொல் அது. மறுவாரம் வண்டி வரும் கிழமையில் அவர் மீண்டும் வரிசையில் நிற்பார்.

அலமாரியின் எதிர்காலத்துக்கும் சட்டத்தில் இடம் உண்டு. தனியாரிடம் உள்ள திறக்கப்படாத பழைய பாட்டில்களை உரிமம் பெற்ற கடைகள் வாங்கி விற்கலாம் என்று கென்டக்கி 2018 ஜனவரி முதல் அனுமதித்திருக்கிறது. விற்க வருபவர்களில் ரசிகர்களின் மனைவி மக்களும் உண்டு.