தூக்கிக்கொண்டு போனால் இலவசம்

அமெரிக்காவில் ஒரு காலத்தில் வீட்டுக் கூடத்துக்குக் கௌரவம் சேர்த்த பொருள் எலக்ட்ரிக் ஆர்கன். லாரன்ஸ் ஹாமண்ட் என்ற கடிகாரக் கம்பெனிக்காரர் 1935-இல் கொண்டுவந்த கருவி அது. பல சர்ச்சுகள் அதை வாங்கிப் போட்டன. 1955-இல் வந்த எம்-3 போன்ற சின்ன மாடல்கள் அதை வீட்டுக்குள்ளும் குடியேற்றின. வாங்கிய தலைமுறை போய்ச் சேர்ந்துவிட்டது, ஆர்கன் மட்டும் நகரவில்லை. ‘தூக்கிக்கொண்டு போனால் இலவசம்’ என்று பிள்ளைகள் விளம்பரம் கொடுக்கிறார்கள். அந்த வாக்கியத்தில் கனமான சொல் ‘தூக்கிக்கொண்டு’ என்பதுதான். தேடி வருகிறவர்களில் ஒரு சாராருக்கு ஆர்கன் வாசிக்கத் தெரியாது. கையில் ஸ்க்ரூடிரைவர் இருக்கும். உள்ளே இருக்கும் வால்வு ஆம்ப்ளிஃபயரைப் பிடுங்கி, திருத்தி, வீட்டில் ஸ்டீரியோ கேட்பது அவர்கள் திட்டம். இது கிறுக்குத்தான். ஆனால் கணக்குத் தெரிந்த கிறுக்கு என்பது என் கட்சி.

வால்வு ஆம்ப்ளிஃபயர் என்றதும் எல்லோரும் மினுக்கும் வால்வைப் பார்த்து உருகுகிறார்கள். வால்வு பல்பு மாதிரி, போனால் மாற்றிக்கொள்ளலாம். பணம் முடங்கிக் கிடப்பது பின்னால் கறுப்பாக உட்கார்ந்திருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில். ஸ்வரம் கீழே இறங்க இறங்க, அதே சக்தியைக் கடத்த அதற்கு அதிக இரும்பு வேண்டும்; இரும்பில் கஞ்சத்தனம் செய்தால் பேஸ் குழறும். பியானோ ஸ்வரம் தட்டியதும் தேயத் தொடங்கிவிடும், கிட்டாரும் அப்படியே. ஆர்கன் ஸ்வரம் மட்டும் பெடலில் கால் இருக்கும்வரை போகாது, கல்யாண வீட்டில் கடைசிப் பந்திவரை இருக்கும் தூரத்து மாமா மாதிரி. பெரிய பி-3 ஆர்கனின் அடி ஸ்வரம் சுமார் 33 ஹெர்ட்ஸ். அதோடு ஜோடி சேர்ந்த லெஸ்லி 122 ஸ்பீக்கர் பெட்டியில் இரண்டு 6550 வால்வுகள் 40 வாட் தருகின்றன. மணிக்கணக்காக இந்த மாமாவைத் தாங்கப் பழகிய இரும்புக்கு, நம் வீட்டுப் பாட்டு ஓய்வூதியக் கால வேலை.

“மேல் ஸ்தாயி?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பி-3-இல் ஸ்வரத்தை உண்டாக்கும் 91 டோன்வீல் சக்கரங்களில் கடைசியானது 5,900 ஹெர்ட்ஸ் சுமாரில் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் இனிமையாக ஒலிக்க வேண்டும் என்ற கவலை வடிவமைத்தவர்களுக்கு இல்லை. கட்டையை அழுத்தும்போது வரும் ‘க்ளிக்’ சத்தத்தை அவர்கள் குறையாகவே பார்த்தார்கள். ஜாஸ்காரர்கள் பிறகு அதையே அழகு என்றார்கள், அது வேறு கதை. ஆகவே ஆர்கனுக்கென்றே வைத்த டோன் சர்க்யூட்டையும் வைப்ரேட்டோவையும் கழற்றி, சிக்னலை நேரே பவர் பகுதிக்குக் கொண்டுபோக வேண்டும். அதன் பிறகும் உச்சியில் கொஞ்சம் மங்கலாக இருக்கலாம். இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறவர்களின் வயதுக்கு 12,000 ஹெர்ட்ஸுக்கு மேல் என்ன நடந்தாலும் காதுக்குத் தகவல் போய்ச் சேருவதில்லை என்பது ஆறுதல். எம்-3-இன் இரண்டு 6வி6 வால்வுகள் தரும் சுமார் 10 வாட் போதுமா என்றால், ஒரு வாட்டுக்கு 86 டெசிபெல் தரும் சாதாரண ஸ்பீக்கரிலேயே ஒரு மீட்டரில் 96 டெசிபெல் வரும். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்ட அது போதும்.

இதில் பணம் மிச்சமாகும் என்று சொல்கிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். வேன் வாடகை, தூக்குகிறவர்களுக்குச் சாப்பாடு, வற்றிப்போன எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களுக்கு மாற்று, புது வால்வு என்று பட்டியல் நீளும். ஸ்விட்சை அணைத்த பிறகும் கெபாசிட்டருக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் பதுங்கியிருக்கும். அதை வடித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இந்த ஒரு வரியில் மட்டும் நகைச்சுவை கிடையாது.

வாத்தியத்தைக் கொல்வது பாவம் என்கிறவர்களுக்கு நான் பாதி இணங்குகிறேன். புக்கர் டி. ஜோன்ஸ் 1962-இல் உலகப் புகழ் பெற்றது இதே எம்-3-ஐ வாசித்துத்தான். ஓடுகிற ஆர்கனைப் பிரிப்பவரை மன்னிக்க வேண்டாம். ஆனால் வெள்ளத்தில் ஊறியது, எலி கூடு கட்டியது எல்லாம் எப்படியும் குப்பைக்குத்தான் போகும். இரும்பையாவது காப்பாற்றுகிறவன் கொலைகாரன் அல்ல, உறுப்பு தானம் பெறுகிறவன்.

கடைசி ஆட்சேபம் மனைவிமார்களுடையது, அதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. எம்-3-க்குள் இருப்பது ஒரே ஆம்ப்ளிஃபயர். ஸ்டீரியோவுக்கு இரண்டு வேண்டும். அதாவது இன்னொரு ஆர்கன், அதே மாடல், மறுபடியும் அதே வேன். அது அமையும்வரை ஒற்றை ஸ்பீக்கரில் கேட்கலாம். எம்-3 பிறந்த வருஷம் கடையில் விற்ற எல்பி அநேகமாக எல்லாமே மோனோதான்.