ஸ்பேனர் மாமா

போடி, தேவாரம் பக்கத்தில் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவருக்கும் மில்லிமீட்டர் தெரியும். ஏலக்காய் சொல்லிக்கொடுத்த கணக்கு அது. சலிக்கும்போது 8 மி.மீ. கண்ணில் விழாமல் மேலே நிற்கிற காய்க்கு ஒரு விலை, 7-ல் நிற்பதற்கு ஒரு விலை, அதற்கும் கீழே இறங்கியதற்கு வியாபாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்லுகிற விலை. டீக்கடையில் ஒருவர் “இன்னைக்கு எட்டு என்னா வெல போச்சு?” என்று கேட்டால் பக்கத்தில் இருப்பவர் போடி ஏலத்து நிலவரத்தைச் சொல்வார். ஸ்பேனர் மாமாவிடம் கேட்டால், “எந்த எட்டு? ரிங்கா, ஓப்பனா, சாக்கெட்டா?” என்பார்.

ஆள் பெயர் வேண்டாம். சொன்னால் கோம்பையிலிருந்தும் பண்ணைப்புரத்திலிருந்தும் நாலு பேர், “என்னையத்தான எழுதியிருக்க?” என்று கிளம்பி வந்துவிடுவார்கள். இந்த வர்க்கத்துக்கு ஊருக்கு ஒருவர் உண்டு; கொஞ்சம் பெரிய ஊராக இருந்தால் தெருவுக்கு ஒருவர். வாத்தியாராக இருப்பார், கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருப்பார், மலையில் நாலு ஏக்கர் ஏலத்தோட்டம் வைத்திருப்பார். நம்முடைய மாமா தோட்டக்காரர். வண்டி பழுது பார்ப்பதுதான் தனக்குப் பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொள்வார். நான் பார்த்தவரை, பழுது பார்க்க வேண்டிய சாமான்களை வாங்குவதிலேயே அவருக்குப் பொழுது முழுதும் போய்விடுகிறது.

வண்டி ஒன்று இருக்கிறது. எஸ்டி. மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி செய்து, 1996-ல் கடையைக் கட்டியதே, அந்த எஸ்டி. கியர் போடுகிற கம்பியையே உள்ளே அமுக்கி நிமிர்த்தினால் கிக்கர் ஆகிவிடும். இந்த அதிசயத்தை மாமா வீட்டுக்கு வந்த அத்தனை பேருக்கும் செய்து காட்டியிருக்கிறார். கிளப்பிக் காட்டியதில்லை. இஞ்சின் கழற்றிய நிலையில் பழைய போர்வையின் மேல் பரப்பிக் கிடக்கிறது. ஏன் பூட்டவில்லை என்று கேட்டால், சரியான கிளட்ச் புல்லர் வரவேண்டும் என்பார். புல்லர் வந்தது. இப்போது பூட்டலாமே என்றால், புல்லரை வைக்க இடம் செய்ய வேண்டும் என்கிறார்.

தரத்தைப் பற்றி மாமா பேச ஆரம்பித்தால் எதிரில் நிற்பவர் உட்கார்ந்துவிடுவது நல்லது. “மட்டமான ஸ்பேனர் நட்டைக் கெடுக்கும், நட்டு வண்டியைக் கெடுக்கும், வண்டி மனுசனைக் கெடுக்கும்.” இதில் பிழை சொல்ல முடியாது. சந்தையில் கிடைக்கிற மலிவு ஓப்பன் ஸ்பேனர் நாலு தடவை இறுக்கிய பிறகு வாயைப் பிளந்துகொள்ளும். அப்புறம் அது நட்டைப் பிடிப்பதில்லை, வருடிக்கொடுக்கிறது. நல்ல ஸ்பேனர் குரோம் வெனடியம் எஃகு. ஆனால் அந்த எழுத்தை எந்த இரும்பின் மேலும் குத்தலாம் என்பதால் மாமா எழுத்தை நம்புவதில்லை. கையில் தூக்கிப் பார்ப்பார், வாயின் உள்பக்கத்தை விரலால் தடவுவார், முகர்ந்தும் பார்ப்பார். முகர்ந்து என்ன தெரிகிறது என்று எனக்குப் புரிந்ததில்லை. ஏலக்காய் வாங்குகிற பழக்கமாக இருக்கும்.

நாசிக்கில் தயாராகும் டபாரியா போதும் என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். இந்தியாவில் பாதிப் பட்டறைகள் அதில்தான் ஓடுகின்றன. மாமாவிடமும் ஒரு முழு செட் உண்டு. அது “அன்றாடத்துக்கு”. விசேஷத்துக்கு ஜெர்மன்காரன் ஸ்பேனர் ஒன்று, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறார். அந்த ஒன்றின் விலைக்கு இங்கே ஒரு செட்டே வாங்கிவிடலாம். அதைத் தொடுகிற அளவுக்கு விசேஷமான நட்டு இன்னும் தேவாரத்துக்கு வரவில்லை.

எஸ்டிக்கு ஒரு செட் போதாதா என்றால் போதாது. மச்சினனிடம் ஒரு பழைய மகேந்திரா ஜீப் இருக்கிறது. அது அமெரிக்க வில்லிஸ் வம்சம், நட்டெல்லாம் அங்குலக் கணக்கு. அரை அங்குலம் என்றால் 12.7 மி.மீ. பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர் போடலாம். ஆனால் உள்ளே 0.3 மி.மீ. ஆடும், ஆடினால் நட்டின் ஆறு மூலையும் மழுங்கும். ஆகவே அங்குல செட் ஒன்று வந்தது. திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட்டில் சில இடங்களில் விட்வொர்த் அளவு வரும். அந்த ஸ்பேனரில் போட்டிருக்கும் எண் நட்டின் அகலத்தைக் குறிக்காது, போல்ட்டின் தடிமனைக் குறிக்கும். இவ்வளவு குழப்பமான ஒரு செட்டை வாங்காமல் இருக்க மாமாவால் முடியவில்லை. மாமாவிடம் புல்லட் கிடையாது. தெருவிலும் யாரிடமும் கிடையாது. “என்னைக்காவது ஒருத்தன் கொண்டாந்து நிப்பாட்டுனா?” என்று கேட்டார்.

பொருட்காட்சியில் பிளாஸ்டிக் பெட்டியில் விற்கிற 108 பீஸ் செட்டைக் கண்டால் மட்டும் அவருக்கு ஆகாது. “நூத்தெட்டுல அறுபது சின்னச் சின்ன பிட்டு. வேல செய்யிறதுக்கா, அர்ச்சனை பண்றதுக்கா?” என்பார். இதுவும் நியாயம்தான். நல்ல ரிங் ஸ்பேனர் ஒரு செட், ஆறு மூலை சாக்கெட் கொஞ்சம், ராச்செட் ஒன்று, கட்டிங் பிளேயர், ஒரு சுத்தி: வீட்டில் வேலை செய்கிறவனுக்கு இதுவே தாராளம் என்று அடுத்தவருக்கு யோசனை சொல்வார். 1920-ல் அமெரிக்காவில் ஜோசப் ஜான்சன் என்பவர் ஐந்து பிடியும் பத்து சாக்கெட்டும் செய்து, எந்தப் பிடியில் எதை வேண்டுமானாலும் மாட்டலாம் என்று காட்டி, ஐந்து ஐம்பதின் வேலையைச் செய்யும் என்று விற்றார். ஸ்னாப்-ஆன் கம்பெனி அப்படிப் பிறந்தது என்ற கதையையும் சொல்வார். கேட்கிறவர் நல்ல சிக்கனக்காரர்போல என்று நினைத்துக்கொண்டு போவார். பின்னாலிருக்கும் அலமாரியை அவர் பார்த்திருக்க மாட்டார்.

ஸ்குரூ டிரைவர் விஷயத்தில் மாமா ஒரு படி மேல். எண்பதுகளில் வந்த ஆர்.எக்ஸ். 100 போன்ற ஜப்பான் வண்டிகளில் கூட்டல் குறி போட்ட ஸ்குரூ இருக்குமே, அதன் குழி ஜப்பான் தர அளவில் வெட்டியது. கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டார் டிரைவர் அதில் அடி வரைக்கும் இறங்காமல் வழுக்கும். நாம் ஸ்குரூவைத் திட்டுவோம். மாமா ஜப்பான் டிரைவரே வரவழைத்துவிட்டார். ஆர்.எக்ஸ். வைத்திருக்கும் பையன்கள் இந்தப் பக்கம் நிறைய. இதன் பலனைப் பிறகு சொல்கிறேன்.

கொள்முதல் பெரும்பாலும் சென்னையில். மதுரை–போடி மீட்டர்கேஜ் ரயில் 2010-ஆம் ஆண்டோடு நின்றுபோனதிலிருந்து மாமா பட்ட பாடு கொஞ்சமில்லை. பஸ்ஸில் பெட்டியைத் தூக்கும் கண்டக்டர்கள் எல்லாம் அவரைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். 2023 ஜூன் 15-ல் சென்னை சென்ட்ரல் வண்டி போடிக்கே வந்தது. மற்றவர்கள் அதை ஆஸ்பத்திரிக்கும் படிப்புக்கும் வசதி என்று கொண்டாடினார்கள். மாமாவுக்கு அது புதுப்பேட்டையையும் தேவாரத்தையும் இணைக்கும் தண்டவாளம். ஒருமுறை திரும்பி வந்தவரிடம் அத்தை, “என்னங்க, எனக்கு என்ன வாங்கியாந்தீங்க?” என்று கேட்டாள். பெட்டியைத் திறந்துகொண்டே, “மூணு பவுண்டு” என்றார். அத்தைக்கு ‘மூணு பவுன்’ என்று காதில் விழுந்தது. அரை நிமிஷம் அந்த வீட்டில் மகாலட்சுமி நடமாடினாள். பிறகு சுத்தி வெளியே வந்தது.

நகை என்றதும் பீரோ ஞாபகம் வருகிறது. கல்யாணச் சீராக வந்த இரும்பு பீரோவின் லாக்கரில் இப்போது சாக்கெட் செட் இருக்கிறது. “நகையெல்லாம் பேங்க்லதான கெடக்கு? லாக்கரு சும்மாதான இருக்கு?” என்பது மாமாவின் வாதம். நகை பேங்கில் பத்திரத்துக்காக இல்லை என்பது அத்தைக்குத் தெரியும். வாஷர்களையும் சர்கிளிப்புகளையும் அளவுவாரியாகப் போட அஞ்சறைப் பெட்டியைப் போல ஒரு சாதனம் உலகத்தில் கிடையாது என்று மாமா கண்டுபிடித்த மறுநாள், ரசத்தில் கடுகோடு ஒரு ஸ்பிரிங் வாஷரும் தாளிக்கப்பட்டிருந்தது. தவறியா, வேண்டுமென்றா என்று யாரும் விசாரிக்கவில்லை. பெட்டி அடுப்படிக்குத் திரும்பிவிட்டது. துளை போட்ட ஆங்கிள் ரேக் வந்தது.

ஆடிக் காற்றோடு மலைச் சாரல் கீழே இறங்கும்போது மாமாவுக்குத் துரு பயம் பிடிக்கும். ஒவ்வொரு ஸ்பேனரையும் துடைத்து மெல்லிய எண்ணெய் தடவுவார். பழைய பட்டறைக்காரர்களின் நம்பிக்கைப்படி டூல் பெட்டிக்குள் கற்பூரக் கட்டி போட்டு வைப்பார். டார்க் ரெஞ்சை மட்டும் அளவைக் கடைசிவரைக்கும் இறக்கி வைத்துத்தான் படுக்கப் போவார். ஏற்றிய அளவிலேயே விட்டால் உள்ளே ஸ்பிரிங் சோர்ந்து பொய்க்கணக்குச் சொல்ல ஆரம்பிக்கும்.

அந்த ரெஞ்ச் வந்த கதை: 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. முந்தைய வருட வெள்ளத்தில் செடி போனவர்கள் வயிறெரிந்தார்கள். காய் மிஞ்சியவர்கள் மாடி எடுத்தார்கள். மாமா டார்க் ரெஞ்ச் எடுத்தார். 14 மி.மீ. ஸ்பார்க் பிளக்கை அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டருக்குள் இறுக்க வேண்டும், கூடினால் மரை போகும் என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தார்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜீப் பார்க்கிற மெக்கானிக் இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கிறவர். சாக்குலூத்து மெட்டு வழியாக ரோடு கேட்டுக் கேட்டு ஊர் ஓய்ந்துவிட்டதால், தோட்ட வேலைக்குப் போகும் ஜீப்புகள் இருட்டோடு கிளம்பி போடிமெட்டையோ கம்பம்மெட்டையோ சுற்றித்தான் கேரளத்துக்கு ஏறுகின்றன. போடிமெட்டில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவு. அவற்றில் எந்த வளைவில் வண்டி நின்றாலும் இவருக்குத்தான் போன். மஞ்சள் பையில் நாலு ரிங் ஸ்பேனர், ஒரு பிளேயர், கொஞ்சம் கம்பி, ஒரு கட்டி துணி சோப்பு. டேங்க் ஒழுகினால் சோப்பைக் குழைத்து அப்பி, ஆட்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டுத்தான் மறுவேலை. மாமா ஒருநாள் இவருடைய பிளக் இறுக்கத்தைச் சோதித்தார். கையால் விட்டு, வாஷர் உட்கார்ந்ததும் அரைச்சுற்று, அவ்வளவுதான் அவர் செய்தது. மாமா ரெஞ்சை 25-ல் வைத்தார். அசையாமல் ‘க்ளக்’ என்றது. 30-ல் வைத்தார், கொஞ்சம் நகர்ந்த பிறகே ‘க்ளக்’. “அண்ணே, ஒங்க ரெஞ்சு நல்ல ரெஞ்சுதான்ணே, சரியாத்தான் சொல்லுது” என்றார் மெக்கானிக்.

இவர்தான் மாமாவிடம் அதிகம் இரவல் வாங்குகிறவரும். அந்த நாலு ஸ்பேனருக்கு அடங்காத நட்டு வரும்போது மதுரைக்கு யார் போவது? ஆர்.எக்ஸ். பையன்களுக்கு ஜப்பான் டிரைவர், பம்ப்செட்காரருக்கு பைப் ரெஞ்ச், எதிர்வீட்டுக்குக் கல்யாணத்தன்று தேங்காய் உடைக்க மூணு பவுண்டு சுத்தி. “மாமா, அஞ்சு நிமிசம்” என்பார்கள். தேவாரத்து அஞ்சு நிமிஷம் ஆடியில் போய்த் தையில் வரும்.

திரும்பி வராத சாமானைக் கண்டுபிடிக்க மாமா ஒரு வழி செய்தார். சுவரில் பிளைவுட் அடித்து, ஒவ்வொரு கருவியின் வடிவத்தையும் கறுப்புப் பெயின்டில் வரைந்து, அதனதன் நிழலின் மேல் அதை மாட்டினார். விமானப் பட்டறைகளில் இப்படித்தான் வைப்பார்கள், எது இல்லை என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும் என்றார். தெரிந்தது. இப்போது அந்தச் சுவரில் நிழல்கள்தான் அதிகம்.

போன ஆயுத பூஜைக்கு மாமா சந்தனம் குழைத்து வைத்துக்கொண்டு பலகை முன் நின்றார். பொட்டு வைக்கப் பாதி நிழல்கள்தான் இருந்தன. ஊரைச் சுற்றி வந்தவர், தன் கருவிகள் ஏழெட்டு வீடுகளில் குங்குமமும் பூவுமாகப் பூஜையில் இருப்பதைக் கண்டார். பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். பூஜையில் இருப்பதை எப்படிக் கேட்பது?

இந்த மனிதரால் ஊருக்கு நஷ்டமில்லை, அத்தைக்குத்தான். இதைப் படிக்கிறவர்களில் யாரிடமாவது அவருடைய 14-15 ரிங் ஸ்பேனர் இருந்தால் இந்த ஆயுத பூஜைக்கு முன்னால் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். துடைத்துக் கொடுங்கள். கிரீஸோடு நீட்டினால் துருவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார், நடுவில் எழுந்து வர முடியாது.